ஐந்து பேர்தான் என்றாலும் ஆளுக்கொரு கீ

"எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். நிரலின் எல்லா மாற்றங்களையும் சேமித்து வைக்க, சொந்தமாக கிட் சர்வர் வைத்திருக்கிறோம். எல்லோரும் ஒரே பயனர், ஒரே பாஸ்வேர்டு. ஆளுக்கு ஆள் அனுமதி பிரிக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும். திருடனுக்குப் பயந்து அல்ல, அந்த ஐந்து பேரில் கடைசியாகச் சேர்ந்தவருக்காக.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் நான் சேர்ந்தபோது இதே ஏற்பாடுதான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால் மெயின் கிளையில், அதாவது எல்லோருடைய வேலையும் சேரும் முதன்மைப் பிரதியில், பல நாள் வேலையைக் காணோம். யாரோ ஃபோர்ஸ் புஷ் செய்திருக்கிறார்கள், அதாவது சர்வரில் இருந்த வரலாற்றின் மேல் தங்கள் பிரதியை வலுக்கட்டாயமாக ஏற்றியிருக்கிறார்கள். அக்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து மோட்டாரில் பாலம் தாண்டி வரும் பிரக்டிக்கல் (தொழிற்பயிற்சி) மாணவி ஒருத்தி அங்கே இருந்தாள். போஸ் வேறு யாரையும் கேட்கவில்லை, நேராக அவள் மேசைக்குத்தான் போனார்.

"நான் செய்யலண்ணே" என்று என்னிடம் சொன்னாள். நம்பினேன். ஆனால் எதைக் காட்டி நிரூபிப்பது? கமிட்டில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தின் பதிவில், தெரியும் பெயர் அவரவர் கணினியில் தட்டி வைத்தது, யார் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். சர்வர் பக்க ரெப்போவில் (கோட் இருக்கும் களஞ்சியம்), கிளை எப்போது எங்கே நகர்ந்தது என்று குறிக்கும் ரெஃப்லாக் இயல்பாகவே அணைந்திருக்கும். சர்வர் வெளியே வாடகைக்கு எடுத்தது என்பதால் அதற்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சின் பதிவிலும் ஒரே பயனர், ஒரே அலுவலக ஐபி முகவரி. கோட் என்னவோ திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு நண்பரின் கணினியில் இருந்த குளோனில், அதாவது நகலில், முழு வரலாறும் இருந்தது, அதிலிருந்து ஏற்றினோம். அவளுடைய மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதியதைத்தான் யாரும் மாற்றவில்லை.

அப்புறம் நான் கிட்டோலைட் போட்டேன், கிட் சர்வரில் ஆளுக்கு ஆள் அனுமதி பிரிக்கும் மென்பொருள் அது. அதிலும் லினக்ஸ் பயனர் ஒருவர்தான். ஆனால் ஒவ்வொருவரும் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு ஜோடிக் கீ வைத்திருப்பார், ரகசியக் கீ அவரிடம், பப்ளிக் கீ சர்வரில். ஒவ்வொருவரின் பப்ளிக் கீயும் தனிக் கோப்பு, எந்தக் கீயில் வந்தார் என்பதை வைத்து ஆளை அறியும், புஷ் செய்தவர் பெயர் லாகில் விழும். அனுமதிகளை நிர்வாக ரெப்போவில் ஒரு கோப்பில் எழுத வேண்டும். 'ஆர்' என்றால் படிக்க மட்டும். 'ஆர்டபிள்யூ' என்றால் எழுதவும் செய்யலாம். அதோடு கூட்டல் குறி சேர்த்தால் வரலாற்றை மாற்றலாம், கிளையை அழிக்கலாம். மெயின் கிளைக்கு அந்தக் கூட்டல் குறியை யாருக்கும் கொடுக்காதீர்கள், போஸுக்கும்தான். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கீ கோப்பை நீக்கிப் புஷ் செய்தால் முடிந்தது.

பிரவுசரில் பார்க்க வலைப்பக்கமும் வேண்டுமென்றால் கிட்டீ என்ற கிட் சர்வர் மென்பொருள் நல்லது, பழைய கணினியிலும் ஓடும். நிறுவியதும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்ற நிலையில் இருக்கும், அதை முதலில் அடைத்துவிடுங்கள். "கிட்லாப் இருக்க இதெல்லாம் எதற்கு" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: நல்ல மென்பொருள்தான், ஐந்து பேருக்காக அது கேட்கும் மெமரிக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுவது? "ஒருவரை ஒருவர் நம்ப வேண்டாமா" என்பவர்களுக்கு: அவளை நம்பாதது அந்தப் பொது பாஸ்வேர்டு இருந்த அலுவலகம்தான்.

இதைக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பிரக்டிக்கல் பிள்ளைகளுக்கு அலவன்ஸைத் தாமதமாகக் கொடுப்பது, மதியச் சாப்பாடு வாங்க அனுப்புவது, தப்பு நடந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுவது, இதெல்லாம் நம் ஆட்கள் நடத்தும் கம்பெனிகளிலும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய் இதைச் சொல்வதுகூட இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருடைய கீயும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்துங்கள். நிறுத்தும்போது இன்னொரு டெர்மினலில் உள்ளே நுழைந்தபடியே இருங்கள், ஏதாவது சிக்கினால் அதில் சரிசெய்யலாம்.