குழந்தைப் போர்வையில் விழுந்த பிழைகள்: எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தைக்காக அக்ரிலிக் உல்லனில், 4 மி.மீ. ஊசியில் 150 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) போட்டு, எல்லா வரிசையும் நிட்டாகவே (நூலைப் பின்னால் வைத்துப் போடும் அடிப்படைப் பின்னல்) ஒரு போர்வை பின்னுகிறேன். முக்கால்வாசி முடித்துவிட்டு எண்ணினால் 157 கண்ணி இருக்கிறது, ஓரம் வளைந்து போகிறது, நாற்பது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி தனியாகத் தொங்குகிறது. கடைசியாக வாங்கிய நூல் உருண்டை வேறு கொஞ்சம் மங்கல். "முழுசாப் பிரிச்சுட்டு முதல்ல இருந்து போடு" என்கிறார் மாமியார். பிரிக்கத்தான் வேண்டுமா? (குன்னூர் வாசகி)

பிரிக்காதீர்கள். இப்போது பிரித்தால் பிரசவத்துக்குள் முடியாது, அதோடு பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும், அதை அப்படியே எடுத்துப் பின்னினால் கண்ணிகள் இன்னும் ஏறுமாறாகத்தான் வரும். ஒரு பிழையைப் பார்த்ததும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: இது மேலும் பிரிந்துகொண்டே போகுமா, பிஞ்சு விரல் இதில் மாட்டுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிழை, மூன்றடிக்குத் தள்ளி நின்றால் அதுவும் தெரியாது.

அந்த வகையில் உங்களிடம் அவசரமானது தொங்கும் கண்ணி ஒன்றுதான். போர்வையை அந்த இடத்தில் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள். கண்ணிக்கு மேலே ஊசி வரைக்கும் ஏணிப்படி மாதிரி தளர்ந்த நூல்கள் வரிசையாக நின்றால், கண்ணி ஊசியிலிருந்து நழுவி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, மேலே உள்ள படியைப் பிடித்து உள்ளே இழுங்கள், அடுத்த படி, அதற்கடுத்த படி என்று ஊசி வரைக்கும் ஏற்றிவிடலாம். நீங்கள் எல்லா வரிசையும் நிட் போடுவதால் ஒரு படியை முன்பக்கமிருந்தும் அடுத்த படியைப் பின்பக்கமிருந்தும் இழுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு கோடு மட்டும் வழவழவென்று தனியாகத் தெரியும்.

ஏணிப்படியே இல்லை, கண்ணிக்கு மேலே பின்னல் ஒழுங்காக மூடியிருக்கிறது என்றால் விஷயம் வேறு. கண்ணி அன்றைக்கே விழுந்துவிட்டது, அப்புறம் வந்த நாற்பது வரிசையும் அது இல்லாமலேயே பின்னப்பட்டிருக்கிறது. அங்கே ஏற்றுவதற்கு உபரி நூல் கிடையாது, வலுக்கட்டாயமாக ஏற்றினால் பக்கத்துக் கண்ணிகளிலிருந்து நூலைப் பிடுங்கி அந்த இடம் சுருங்கிவிடும். அதனால் அதே நிறத்தில் ஒரு சாண் நூலைக் கோணி ஊசியில் கோத்து, கண்ணிக்குள் நுழைத்துப் பின்பக்கம் கொண்டுபோய், அக்கம்பக்கத்து மேடுகளோடு (நிட் வரிசைகளில் குறுக்கே வரப்பு மாதிரி எழும்பி நிற்பவை) சேர்த்துத் தைத்துவிடுங்கள். பிரியாது. ஏழு கண்ணி அதிகமாக வைத்திருக்கிறீர்கள், இந்த ஒன்று போனதற்காக யாரும் அழப்போவதில்லை.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது? அநேகமாக ஓரத்திலிருந்துதான். வரிசை முடிந்து திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணி மாதிரி நிற்கும், நாம் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவோம். இனி திருப்பியதும் நூலை ஊசிக்குக் கீழே இழுத்துவிட்டு, ஓரத்தில் நிற்பது ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் எங்காவது குட்டி ஓட்டை இருந்தால் நூல் அங்கே தெரியாமல் முன்பக்கம் வந்திருக்கும். விரல் நுழைகிற அளவு இருந்தால் பின்பக்கமாகத் தைத்து மூடுங்கள்.

ஏழு கண்ணி என்பது அகலத்தில் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர் போர்வையில் அதை யார் அளக்கப்போகிறார்கள்? மனசு கேட்கவில்லை என்றால் சில வரிசைக்கு ஒருமுறை ஓரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிக் குறையுங்கள், ஒரே வரிசையில் ஏழையும் குறைத்தால் அந்த இடம் இடுப்பு கட்டினாற்போல் ஆகிவிடும். முடித்த பிறகு சுற்றிலும் ஒரு பார்டர் போடுவது இன்னும் நல்லது: பக்கவாட்டில் மேட்டுக்கு ஒரு கண்ணி வீதம் எடுத்து எட்டுப் பத்து வரிசை பின்னினால் ஓரத்தின் நெளிவு பெரும்பாலும் உள்ளே போய்விடும். மங்கலான உருண்டைக்கும் வேலை அதுதான், பார்டர் முழுக்க அந்த நிறத்தில் போட்டால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். பழைய நூல் கொஞ்சம் மீதம் இருந்தால் இப்போதிருந்தே பழையது இரண்டு வரிசை, புதியது இரண்டு வரிசை என்று கலந்து போவது இன்னொரு வழி. அடுத்த முறை எல்லா உருண்டையையும் ஒரே நாளில், லேபிளில் சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல் என்று காட்டும் எண்) ஒத்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

இனி மேலே பின்னும்போது, அதுவரை பின்னியது சரியாக இருக்கும் ஒரு வரிசையில், ஊசியிலுள்ள கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை ஓட்டி வையுங்கள். பிறகு ஏதாவது தப்பினால் அந்த நூல் வரைக்கும் பிரித்தால் போதும், அதற்குக் கீழே ஒன்றும் ஆகாது.

இறுக்கமும் தளர்வுமாக இருக்கும் கண்ணிகளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம், ஒரு முறை அலசி, துண்டின் மேல் பரப்பிக் காயவைத்தால் கொஞ்சம் சமமாகும். அயர்ன் பாக்ஸ் மட்டும் கிட்டே வரக்கூடாது. சூடு பட்டால் அக்ரிலிக் தொய்ந்துவிடும், பழையபடி திரும்பாது.

நூல் முனைகளில்தான் சோம்பல் கூடாது, ஓரத்து வளைவைவிட எனக்கு இதுதான் கவலை. தளர்ந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டாதீர்கள், அக்ரிலிக் வழுக்கும், முடிச்சு அவிழும். 15 சென்டிமீட்டர் விட்டு, ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையிலும் ஓட்டி விடுங்கள். குஞ்சம், பொத்தான் எதுவும் வேண்டாம்.

தங்கையிடம் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ஒரு வயது வரைக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், ஏனென்றால் முகத்தை மூடினால் குழந்தையால் விலக்க முடியாது. குன்னூர் குளிருக்கு உடுப்பை ஒன்று கூட்டிப் போடலாம். போர்வை, குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது போர்த்தவும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கையில் தரையில் விரித்து விளையாட விடவும்தான். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டும் வழக்கம் வீட்டில் இருந்தால் அந்த நேரத்தில் பருத்தித் துணியில் சுற்றச் சொல்லுங்கள். அக்ரிலிக்கில் தணல் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.