கரிசல் பண்டமும் ஊர்ப் பந்தியும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: விருதுநகர் என்றால் பொரித்த பரோட்டா, சாத்தூர் என்றால் காராச்சேவு, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா என்று, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பண்டம் பெயர் வாங்கியிருக்கிறது. குடிதண்ணீருக்கே தவித்த வறண்ட பூமியில் இத்தனை தின்பண்டங்கள் எப்படி வந்தன?
(சாத்தூர் வாசகர்)

பதில்: வறண்ட பூமியாக இருந்ததால்தான் வந்தன என்பது என் பதில். ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் நெல் விளைந்தது. சோறும் குழம்புமாகச் சாப்பாடு அன்றன்றைக்கு முடிந்தது. கரிசல் காடோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி நிலம். கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய், எள், அடுத்துள்ள செவல் (செம்மண்) நிலங்களில் நிலக்கடலை என இங்கே விளைந்தவை பெரும்பாலும் காயவைத்து மூட்டை கட்டி வைக்கக்கூடியவை. அடுத்த மழை எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் எதையும் கெடாமல் வைத்திருக்கும் வித்தையை எல்லோரும் கற்றுத்தான் ஆக வேண்டும். எண்ணெயில் முறுகப் பொரிப்பது, பாகில் பிணைப்பது, வெயிலில் வற்றலாக்குவது ஆகிய மூன்றும் அந்த வித்தையின் கிளைகள். பூண்டும் மிளகாயும் அரைத்துச் சேர்த்த காராச்சேவும் வெல்லப்பாகில் பிடித்த கடலையும் பல நாள் தாங்குவதற்கு இதுவே காரணம்.

தாங்கும் பண்டம்தான் பயணமும் போகும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் ஓடத் தொடங்கியபோது விருதுநகரும் (அன்றைக்கு விருதுபட்டி) சாத்தூரும் கோவில்பட்டியும் அந்தத் தடத்தில் அமைந்துவிட்டன. சன்னல் வழியாகப் பொட்டலம் வாங்கியவர்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்தே கொண்டு போனார்கள். பிறகு தீப்பெட்டித் தொழில் வந்தது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு பிள்ளைகளுக்கு ஒரு சேவுப் பொட்டலம் வாங்காமல் வீடு திரும்பிய தாய்மார்கள் குறைவு. வெளியூர்க்காரர் கொடுத்தது புகழ் என்றால், இந்தத் தாய்மார்கள் கொடுத்தது அன்றாட வியாபாரம். கடைகளை வாழவைத்ததில் இரண்டாவதற்கே பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்; மேய்ச்சலும் பாலும் உள்ள ஊர். இருந்தாலும் காலையில் கறந்தால் மாலைக்குள் திரிந்துவிடக்கூடிய பாலை நெருப்பில் சுண்டவைத்து நாலு நாள் தாங்கச் செய்த புத்தி, கரிசல்காரர் புத்தியேதான்.

கேள்வி: என் தாயார் கோவில்பட்டிக்காரர். அவர் கைப்பக்குவத்தில் கடலைமிட்டாய் கடித்தால் நொறுங்கும். நான் செய்தால் மறுநாளே பல்லில் ஒட்டுகிறது. வெல்லம்தான் சரியில்லையா?
(திருநெல்வேலி வாசகி)

பதில்: வெல்லத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் பாகைப் பாருங்கள். இரண்டு உழக்கு வறுத்த கடலைக்கு ஒரு உழக்குப் பொடித்த வெல்லம் என்ற அளவு போதும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பில் ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும். ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டு விரலால் திரட்டும்போது மெழுகுபோல் உருண்டு வந்தால் அது இளம்பாகு. பொரிவிளங்காய் உருண்டைக்கு ஆகும், மிட்டாய்க்கு ஆகாது. பெரும்பாலானோர் அடுப்பை அணைப்பது இந்த இடத்தில்தான். இன்னும் சில நிமிடங்கள் பொறுத்தால் நுரை நெருங்கி, நிறம் ஒரு படி கறுத்து, தண்ணீரில் விட்ட சொட்டு கல்லாகிவிடும். அதை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் 'டக்'கென்று சத்தம் கேட்க வேண்டும். பாகில் ஒளிந்திருக்கும் ஈரம் முழுதும் வெளியேறியதற்கு அந்தச் சத்தமே சாட்சி. ஈரம் தங்கிய பாகு மறுநாள் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டத்தான் செய்யும்.

கடலையும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஆறிப்போன கடலையைக் கொட்டினால் பாகு நடுவிலேயே இறுகி, ஒரு பக்கம் கடலையும் ஒரு பக்கம் வெல்லக் கட்டியுமாக நிற்கும். எண்ணெய் தடவிய பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டுவிடுங்கள். அடைமழை நாளில் செய்யாதீர்கள்.

கேள்வி: வேறு மாவட்டத்தில் குடியேறி, குடும்பமாகக் கடலைமிட்டாய் செய்து விற்கிறோம். 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று அட்டையில் அச்சிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கூடாது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, குறிப்பிட்ட நிலப்பகுதிக்குள், பதிவில் சொல்லப்பட்ட முறையில் செய்து, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டவர்களே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. நீங்கள் 'கடலைமிட்டாய்' என்ற பொதுப்பெயரில், உங்கள் ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ சேர்த்துத் தாராளமாக விற்கலாம். கைப்பக்குவம் உங்களோடு வந்துவிட்டது. ஊர்ப் பெயர் ஊரிலேயே இருப்பவர்களுக்குச் சொந்தம் என்பதை வருத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய கம்பு மாவு சில நாட்களிலேயே கசக்கிறது. மாமியார், 'அந்தக் காலத்துக் கம்பு கசக்காது' என்கிறார்கள். பழைய மாவைத் தலையில் கட்டிவிட்டார்களா?
(அருப்புக்கோட்டை வாசகி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதும் உண்மை, கடைக்காரர் ஏமாற்றவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். அரிசியைக் காட்டிலும் கம்பில் கொழுப்பு அதிகம். அது பெரும்பாலும் முளைப் பகுதியில் இருக்கிறது. தானியமாக இருக்கும்வரை பல மாதம் கெடாது. அரைத்த உடனே தானியத்தில் உள்ள நொதிகள் அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால் சில நாட்களிலேயே சிக்குவாடையும் கசப்பும் வந்துவிடுகின்றன.

என் பாட்டி காலத்தில் கம்பை மாவாக வைத்திருக்கும் வழக்கமே இல்லை. பொழுது சாயும் நேரத்தில், அன்றைக்கு வேண்டிய கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் இட்டு மேலாக இடித்து, முறத்தில் புடைத்துத் தவிடு நீக்கி, மறுபடியும் குருணையாகும்வரை இடித்து, கொதிக்கும் உலையில் போட்டுக் கிண்டுவார்கள். இரவில் சுடச்சுடக் கம்பஞ்சோறு. மீந்ததை உருண்டை பிடித்து நீரில் போட்டு வைத்தால், காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கஞ்சி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். தெருவில் இருந்தது இரண்டு உரல்தான் என்பதால் யார் வீட்டில் என்ன இடிக்கிறார்கள், யார் வீட்டில் இன்றைக்கு இடிக்க ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இல்லாத வீட்டுக்கு ஒரு படி கம்பு போய்ச் சேர, அவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு உரலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். அந்தக் கைகள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். முழுக் கம்பாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியிலோ மாவு மில்லிலோ உடைத்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு மாவுப் பொட்டலங்கள் பெருகிவிட்டன. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் காலங்காலமாக ஊர்ப் பெண்களே கூடிச் சமைத்துப் பந்தி பரிமாறி வந்தோம். இந்த ஆண்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியைக் கூட்டி, சமையலைக் கான்ட்ராக்டில் விடப் போவதாகக் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. ஒற்றுமையே போய்விடும் என்று சொன்னேன். 'நீங்கள் வந்து வெங்காயம் உரிக்கிறீர்களா' என்று இளம்பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். மனம் ஆறவில்லை.
(விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்து வாசகி, வயது 67)

பதில்: அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, அந்தப் பெண்ணின் கேள்வியும் நியாயமானது. ஆறு நாள் தீப்பெட்டி ஆபீசிலோ அச்சகத்திலோ நின்றுவிட்டு வருபவளிடம், ஏழாம் நாள் இரவு முழுவதும் விறகுப் புகையில் நில் என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. அந்தக் காலத்தில் ஆண்கள் வரி எழுதினார்கள், பந்தல் போட்டார்கள். அடுப்படியில் நின்றது யார் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்ப் பந்தி என்று நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளும் அந்தப் பந்தி, பல ஊர்களில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் ஒரே பந்தியாக இருந்ததில்லை. யார் சமைக்கலாம், யார் கடைசியில் உட்காரலாம், யாருக்குத் தனியாகக் கொடுத்தனுப்பலாம் என்பதெல்லாம் சாதியைப் பார்த்தே முடிவாயின. கான்ட்ராக்ட் சமையலால் அந்த வழக்கம் உங்கள் ஊரில் மாறுமானால், நான் அந்தச் சமையலின் பக்கம் நிற்பேன். ஆகவே அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த முறை எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில், ஒரே பந்தியில் இலை போடப்படுமா என்பதாக இருக்கட்டும். வயதில் மூத்தவர் நீங்கள் கேட்டால் அவ்வளவு எளிதாகத் தட்டிவிட முடியாது.

சோறு, சாம்பார், கூட்டு இவற்றைச் சமையல்காரரிடம் விட்டுவிடுங்கள். முளைப்பாரியை மட்டும் விடாதீர்கள். வீடு வீடாகப் போய்ப் பயறும் நவதானியமும் வாங்கி, ஓட்டில் சாணமும் மண்ணும் இட்டு விதைத்து, வெளிச்சம் படாத ஓர் அறையில் தண்ணீர் தெளித்து வளர்க்கும் அந்த நாட்களில், இரவுதோறும் அந்த வாசலில் கும்மி கொட்டக் கூடுகிறவர்களுக்கு அடுப்பு வேலை எதுவும் இல்லை. பேச்சும் பாட்டும் ஒரு கை சுண்டலுமாகப் பொழுது போகும். அந்தக் கூட்டம்தான் நீங்கள் இழக்க அஞ்சுவது. பணம் கொடுத்து அதை வாங்க முடியாது, அதற்கு ஒரு தேக்சாவும் தேவையில்லை. அந்த இளம்பெண்ணையும் முதல் நாளே கூப்பிடுங்கள். வேலைக்கு அல்ல, கும்மிக்கு.

அம்மனுக்குப் படைக்கும் துள்ளுமாவையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு படி பச்சரிசி என்று வாங்கினாலே ஊருக்குக் காணும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, துணியில் நிழலாகப் பரப்பி, பிடித்தால் பிடிபடும், கையில் ஒட்டாது என்ற ஈரத்தில் மில்லில் கொடுத்துத் திரித்து வாருங்கள். வெல்லம், ஏலம், சுக்குச் சேர்த்துக் கலக்கும் வேலைக்கு மட்டும் நாலு பேர் போதும். அதில் இரண்டு பேர் ஆண்களாக இருக்கட்டும்.