மார்ச் 31-ஆ, ஏப்ரல் 1-ஆ?

கேள்வி: சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் மென்பொருளுக்குச் சந்தா கட்டினேன். மார்ச் 31-க்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றார்கள். 31-ஆம் தேதி இரவு 11.40-க்கு ஜிமெயிலில் ரத்துக் கடிதம் அனுப்பினேன். உடனே தானியங்கிப் பதிலும் வந்தது. இப்போது, 'ஏப்ரல் 1, அதிகாலை 2.10-க்குத்தான் கிடைத்தது' என்று மறுக்கிறார்கள். மெயில் போய்ச்சேர இரண்டரை மணி நேரமா?

பதில்: இல்லை, உடனே போய்விட்டது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்கள் 11.40-தான் அங்கே 2.10. இருவர் சொல்வதும் உண்மை!

மெயிலோடு 'டேட்' என்றொரு வரி போகும். உங்களுடையதில் 23:40, பக்கத்திலேயே +0530 என்று இருக்கும். கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று பொருள். ஜிமெயில் போன்றவை அதைப் படித்து, திறப்பவரின் கணினி எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறதோ அதற்கு மாற்றிக் காட்டும். துபாயில் திறந்தால் இதே மெயில் 10.10 என்று சொல்லும். ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' போய், கோப்பை டவுன்லோடு செய்யுங்கள். ஃபார்வர்டு செய்தால் இந்த வரிகள் கூடப் போகாது. ஒரு சிக்கல்: 'டேட்' அனுப்புபவர் பக்கம் எழுதப்படுவது, கணினிக் கடிகாரம் தப்பென்றால் அதுவும் தப்பு. அதைவிட வலுவானது அந்தத் தானியங்கிப் பதில்தான். அதன் ஒரிஜினலில் 'ரிசீவ்டு' என்ற வரிகள் இருக்கும். வழியில் ஒவ்வொரு சர்வரும் குத்திய தபால் முத்திரை மாதிரி. கடைசியாக விழுந்தது மேலே. கூகுள் அதை அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் போடும், அதாவது 31-ஆம் தேதி பகல் 11:10 வாக்கில், -0700 என்று. பதற வேண்டாம், அதுவும் நம்மூர் 11.40-தான்.

சரி, பணம்? ஒப்பந்தத்தில் 'சிங்கப்பூர் நேரப்படி' என்று இருந்தால் நீங்கள் தாமதம்தான், கெஞ்சித்தான் பார்க்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால், எந்த ஊர் நள்ளிரவு என்று எங்கே சொன்னீர்கள் எனக் கேளுங்கள். அப்போதும் மசியவில்லையா? கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி மூலமாகவே திரும்பப் பெறும் வழி) கேட்டு, ஒப்பந்தத்தோடு இந்த இரண்டு கோப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள்.