திரைக் கேள்வி: படமா பிழை, ரீவியா?

கேள்வி: ‘கொட்டுக்காளி’ போட்டோம். ஒரு மணித்தியாலம் போயும் பாட்டில்லை, மியூசிக்கும் இல்லை. பிழை படத்திலயா, ரீவியிலயா?
(வாசகி, உவர்மலை)

பதில்: இரண்டிலும் இல்லை. 2024இல் வந்த அந்தப் படத்துக்கு இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் பின்னணி இசையே வைக்கவில்லை. ஓட்டோ இரைச்சல், காற்று, சேவல், தொண்டை கட்டிப்போன சூரியின் கரகரப்பு, அவ்வளவுதான். ஃபேனை முழு வேகத்தில் விட்டு, குசினியில் குக்கர் விசிலடிக்க, மத்தியானத்தில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இரவில், வழமையை விட இரண்டு மூன்று புள்ளி சத்தம் கூட்டிப் பாருங்கள். ஒரு மாடு பாதையை மறிக்கிறது. வழி நெடுக வீரம் பேசி வந்த ஆம்பிளைகள் தயங்கி நிற்க, சின்னப் பிள்ளை ஒன்று வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த ஒரு இடத்துக்கே என் வோட்டு இந்தப் படத்துக்குத்தான். முடிவு பிடிக்கவில்லை என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: சண்டைக் காட்சி வந்தால் வீடு அதிருது, ஆக்கள் கதைக்கேக்க ஒண்டும் கேக்குதில்லை. அம்மம்மா பக்கத்து அறையில படுத்திருக்கிறா. என்ன செய்யலாம்?
(வாசகர், நிலாவெளி)

பதில்: புதுப் படங்களின் ஒலி பெரும்பாலும் 5.1 முறையில், ஆறு தடங்களாக வரும். பேச்சு நடு ஸ்பீக்கருக்கு உரியது. உங்கள் ரீவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர். அதுவும் அனேகமாகக் கீழ்நோக்கி. ஆறையும் இரண்டுக்குள் அடக்கும்போது பேச்சு அமுங்கிவிடும். படம் ஓடும்போதே ஓடியோ பட்டியலைத் திறந்து, 5.1 என்றிருந்தால் சாதாரண ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பாதித் தொல்லை அதோடு போகும். பிறகு ரீவியின் சவுண்ட் செட்டிங்கில் ‘கிளியர் வொய்ஸ்’, ‘நைட் மோட்’ போன்ற ஒன்று இருக்கும். பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும். பாஸை, அதாவது அடித்தொனியை, இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள். கூர்தொனியான ட்ரெபிளை அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம், ‘ச’ வரும் இடமெல்லாம் சீறும். ரீவி அலுமாரிக்குள் உள்தள்ளி இருந்தால் தட்டின் முன்விளிம்புவரை இழுத்து வையுங்கள்.

கேள்வி: புது ரீவியில் எந்தப் படத்தைப் போட்டாலும் நாடகத் தொடர் மாதிரித் தெரியுது. ஏன்?
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: சினிமா செக்கனுக்கு 24 படச்சட்டம். ரீவி இடையில் தானாகச் சட்டங்களை உண்டாக்கி நிரப்புகிறது, அதுதான் அந்த வழுவழுப்பு. சாம்சுங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று இருப்பதை நிறுத்துங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் திரும்பப் போடலாம்.

கேள்வி: எங்கட ஆக்களைப் பற்றி வந்த படங்களில் உருப்படியானது எது?
(வாசகி, மட்டிக்களி)

பதில்: கறாராகவே சொல்கிறேன். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) பிள்ளையின் கதையாகப் பார்த்தால் நெஞ்சைத் தொடும், இலங்கையின் கதையாகப் பார்த்தால் தூரத்தில் நின்று எடுத்தது தெரியும். கான் விழாவில் 2015இல் தங்கப்பனை விருதை வாங்கிய ‘தீபன்’, முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்ஸ் போய்ச் சேரும் கதை. ஷோபாசக்தியும் காளீஸ்வரி ஸ்ரீநிவாசனும் ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் அளக்கும் பகுதிகள் அபாரம். கடைசியில் துப்பாக்கிப் படமாகிவிட்டதுதான் குறை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) இனிப்பு கொஞ்சம் கூட. சசிகுமாரின் இலங்கைத் தமிழ்ப் பேச்சு இடைக்கிடை நழுவுகிறது. ஆனால் குடும்பத்தோடு இருந்து பார்க்க இந்த மூன்றில் அதுதான் சுகம்.

என் முதலிடம் இவை எதற்குமில்லை. பிரசன்ன விதானகேயின் ‘ஒப நதுவ ஒப எக்க’ (2012) என்ற சிங்களப் படத்துக்கு. தஸ்தயெவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவியது. அடகு பிடிக்கும் சிங்களவர், நகை அடகு வைக்க வரும் தமிழ்ப் பெண். அவர் முன்னாள் படைவீரர் என்று அவளுக்குத் தெரிய வந்தபின் அந்த வீட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். ஒருவரும் கத்துவதில்லை, ஆனால் மூச்சு முட்டும். சிங்களம் விளங்காவிட்டால் எழுத்துரையோடு பார்க்கலாம். பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஃபோனில் ஒரு படம் பார்த்தாலே டேட்டா முடியுது.
(வாசகர், மூதூர்)

பதில்: எச்டி தரத்தில் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தரத்தில் 1 ஜிபிக்குள் அடங்கும். ஆறங்குலத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உங்கள் பெக்கேஜில் இரவுநேர டேட்டா இருந்தால் அப்போது டவுன்லோட் செய்து வைத்துவிட்டு, மறுநாள் பாருங்கள்.

கேள்வி: ‘மெய்யழகன்’ இழுவையா?
(வாசகர், அன்புவழிபுரம்)

பதில்: இழுவைதான். தியேட்டருக்கு வந்த பிறகு 18 நிமிடம் வெட்டியும் இழுவைதான். நான் இன்னும் அரை மணித்தியாலம் இருந்து பார்த்திருப்பேன்.