பெரட்டுக்களம்

அன்புள்ள ஐயா,

நான் குளுவாங் பக்கத்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல், இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீண்ட விடுமுறையில் ஆய்வுப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார். கோலாலம்பூரில் எட்டு வாரம், சம்பளம் கிடையாது. பேரங்காடியில் வேலைக்குப் போனால் அடுத்த பருவத்துக்குக் கைச்செலவுக்காவது ஆகும் என்கிறார் அப்பா. வெளிநாட்டில் பணம் கொடுத்து அழைக்கிறார்களாமே, என்னைப் போன்றவர்களை எடுப்பார்களா? நான் எதைத் தேர்ந்தெடுப்பது? அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன்.

வாசகி, குளுவாங்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை ஒருமுறை படித்தேன். இணைப்பை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வெளிநாடு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு ஆய்வுப் பயிற்சி தருகிறது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கிறது, ஆனால் அது இயற்பியல், பொறியியல், கணினி படிப்பவர்களுக்கானது. ஜப்பானில் இருக்கும் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பட்டதாரிப் பல்கலைக்கழகம் எந்த நாட்டு மாணவரையும் எடுக்கிறது. விமானச் செலவும் தங்குமிடமும் தருகிறது. அதைப் பாருங்கள். வெளிநாடுகளில் பல இடங்களில் இதற்குக் 'கோடைக்காலப் பயிற்சி' என்று பெயர் வைத்திருப்பார்கள். வருடம் முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நமக்குக் கோடை ஏது? அவர்களுடைய மாதங்களும் உங்கள் விடுமுறையும் ஒத்துவருகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'என்னைப் போன்றவர்களை' என்று இன்னொரு முறை எழுதினால் பதில் போடமாட்டேன்.

இனி அந்த இணைப்பு. நாற்பது பேருக்கும் ஒரே மின்னஞ்சல். அதில் இப்படி ஒரு வரி: "எந்த ஆய்வாக இருந்தாலும் பரவாயில்லை, கொடுக்கும் வேலையைச் செய்வேன்."

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் அம்மா? பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். இது தோட்டத்தில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்து வாசகம். விடிவதற்கு முன்னால் இருட்டில் வரிசையாக நின்று, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டதும் "ஐயா" என்று குரல் கொடுத்து, இன்றைக்கு எந்த நிரை, என்ன வேலை என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போவார்கள் நம்முடையவர்கள். அங்கே கேள்வி கேட்டவனுக்கு மறுநாள் தூரத்து மேட்டு நிரைதான் கிடைக்கும். ஆகவே கேட்கமாட்டார்கள். மூன்று தலைமுறையாகப் பழகிய பணிவு உங்கள் கைவிரல் வழியாக நாற்பது பேராசிரியர்களுக்குப் போயிருக்கிறது.

என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1970களின் கடைசியில் அவருக்குப் 'பவுடர் அடிக்கும்' வேலை. ஆண்பூவின் மகரந்தத்தை உலர்த்தி, டால்க் மாவோடு கலந்து, குழாய் வைத்த குப்பியில் அடைத்துக் கொடுப்பார்கள். இளம் செம்பனைகளின் மட்டையிடுக்கில் முள்ளுக்குள் கையை விட்டு, மலர்ந்திருக்கும் பெண்பூவைத் தேடி ஊதவேண்டும். இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே மரத்துக்கு வரவேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது முகமெல்லாம் வெள்ளை, முழங்கை வரை கீறல். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது, ஆப்பிரிக்காவில் அது போதுகிறது, இங்கே போதவில்லை, அதனால்தான் உங்களுக்கு இந்த வேலை என்று தோட்டத்து எழுத்தரான கிராணியார் விளக்கியிருந்தார். பாடநூல்களும் அன்றைக்கு அதைத்தான் சொல்லின.

ஒரு ராத்திரி கருவாடு பொரித்துக்கொண்டே சின்னம்மா சொன்னார்: "ஆண்பூ மலர்ந்தால் சோம்பு வாசனை அப்படியே தூக்குகிறது. காற்றுக்கு மூக்கா இருக்கிறது, வாசனை காட்டிக் கூப்பிட?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குப் பதினோரு வயதிருக்கும். அவர் அந்தக் கேள்வியைப் பெரட்டில் கேட்கவில்லை. மறுநாளும் குப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

அதே கேள்வியின் இன்னொரு முனையைப் பிடித்தவர் லெஸ்லி டேவிட்சன். மலாயாவில் தோட்ட நிர்வாகியாக இருந்துவிட்டு ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போனவர். அங்கே யாரும் பவுடர் அடிக்கவில்லை, மழையோ கொட்டுகிறது, ஆனாலும் குலைகள் நிறையக் காய்க்கின்றன; பூவெல்லாம் பூச்சி. அவர் பின்னாளில் யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவுக்குத் தலைவரானார். ஆகவே அவர் கேட்டதைக் கேட்க ஆளிருந்தது. ரகுமான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூனில் ஆராய்ந்து, வேலையைச் செய்வது காற்றல்ல, எலைடோபியஸ் கேமருனிகஸ் என்ற சிறு வண்டு என்று காட்டினார். ஆண்பூவின் வாசனைக்கு வந்து மொய்க்கும் வண்டு, பெண்பூவிலும் அதே வாசனை என்று ஏமாந்து போய் மகரந்தத்தை உதறிவிட்டு வருகிறது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்தன; நம் பக்கத்துச் செம்பனையின் தொடக்கம் அதுதான். வண்டை யாரும் கொண்டுவரவில்லை. மற்றப் பயிர்களைத் தின்னாது என்று சோதித்த பிறகு, 1981-இல் மலேசியாவில் அதைப் பறக்கவிட்டார்கள். எங்கே தெரியுமா? உங்கள் குளுவாங்கில்தான்.

பாட்டிமார்கள் எல்லாரும் விஞ்ஞானிகள் என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களுக்காக இதைச் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு வண்டைத் தெரியாது. தெரிந்துகொள்ள வருடக்கணக்கில் பூவைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கவேண்டும், அந்தக் காலத்துக்கு யாராவது சம்பளம் தரவேண்டும். சையத்துக்குத் தந்தார்கள். சின்னம்மாவுக்குக் குப்பி தந்தார்கள். வண்டு வந்ததும் குப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டு உதிரிப் பழம் பொறுக்க அனுப்பினார்கள். வண்டு நல்ல தொழிலாளி. விடுமுறை கேட்காது, சம்பளமும் கேட்காது.

இங்கேதான் உங்கள் கோலாலம்பூர்க்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். எட்டு வாரம் அறை வாடகையும் சாப்பாடும் யார் தலையில்? உங்கள் அப்பா கேட்பது நியாயம். அவரை அறிவில்லாதவர்போல எழுதியிருக்கும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பேராசிரியருக்கு மறுபடி எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஓரிடத்தைக் கேளுங்கள். தங்குவதற்கு வழி உண்டா, படித்தொகை உண்டா என்று கூச்சப்படாமல் அடுத்த வரியிலேயே கேளுங்கள். இல்லையென்று சொன்னால் இந்த விடுமுறை பேரங்காடிக்குப் போங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடமாட்டீர்கள். ஒகினாவாவுக்கு விண்ணப்பத்தையும் பரிந்துரைக் கடிதங்களையும் இப்போதிருந்தே தயார்செய்யுங்கள். அந்தப் பரவாயில்லை வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

சின்னம்மா என்னோடுதான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். நேற்று உங்கள் மின்னஞ்சலைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுதும் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு எந்தத் தோட்டத்தில் பெரட்டு?" என்றார்.