இலவச இரசாயனத் தரவுத்தளங்கள்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஹட்டன், உயர்தர மாணவி): சேர், என்னிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. எந்தத் தளத்தில் தேடத் தொடங்குவது? சேர்வைகளின் ஆங்கிலப் பெயர்களில் அடிக்கடி எழுத்துப் பிழை விடுகிறேன்.

பதில்: பப்கெம்மில் தொடங்குங்கள். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் 2004 முதல் நடத்திவரும் இத்தளத்தில் பத்துக் கோடிக்கும் அதிகமான சேர்வைகள் உள்ளன. கணக்கும் கட்டணமும் தேவையில்லை. பெயரில் தடுமாற்றம் இருந்தால், ஒவ்வொரு சேர்வைக்கும் தனித்தனியே வழங்கப்படும் அடையாள எண்ணான சீ.ஏ.எஸ். இலக்கத்தை இடுங்கள், ஆய்வுகூடப் போத்தலின் லேபிளில் அது பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். சூத்திரத்தை மட்டும் நம்பித் தேட வேண்டாம். எதனோலுக்கும் இருமெதைல் ஈதருக்கும் மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றே. ஆயினும் முன்னையது 78 பாகை செல்சியசிலும் பின்னையது −24 பாகையிலும் கொதிக்கின்றன.

கேள்வி (டிக்கோயா, ஆய்வுகூட உதவியாளர்): லேபிள் மங்கியிருந்தால் அந்த இலக்கத்தைச் சரியாக வாசித்தோமா என்று எப்படி அறிவது, ஐயா?

பதில்: கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே சேர்க்கப்பட்டது. தேயிலையிலுள்ள கஃபீனுக்கு 58-08-2. கடைசி 2 ஐ விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 8 ஐ 1 ஆலும், 0 ஐ 2 ஆலும், 8 ஐ 3 ஆலும், 5 ஐ 4 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 52 வரும். அதன் ஒன்றினிட இலக்கம் 2 என்பதால் பொருந்துகிறது. பின்னர், சீ.ஏ.எஸ். நிறுவனமே இலவசமாகத் தரும் காமன் கெமிஸ்ட்ரி தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தலவாக்கலை, தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்): தேயிலைக்கு விசிறும் நாகசல்பேற்றைத் தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் வருகின்றன. எதை எடுப்பது?

பதில்: மிக அவசியமான கேள்வி. நீரற்ற வடிவம் 7733-02-0, ஒருநீரேற்று 7446-19-7, ஏழுநீரேற்று 7446-20-0 என மூன்றுக்கும் தனித்தனி இலக்கங்கள் உண்டு. பளிங்கினுள் இருக்கும் நீரே வேறுபாடு. அந்த நீரினால் நாகத்தின் பங்கு முறையே ஏறத்தாழ 40.5, 36.4, 22.7 சதவீதமாகக் குறைகிறது. பையில் இருப்பது ஏழுநீரேற்றாக இருக்க, முதற்பதிவில் கண்ட நீரற்ற வடிவத்தின் மூலர்த் திணிவைக் கொண்டு கணக்கிட்டால், இலைக்குக் கிடைக்கும் நாகம் நீங்கள் எண்ணியதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே முதலில் பையில் உள்ள பெயரையும் நாகச் சதவீதத்தையும் வாசித்து, அதற்குரிய பதிவைத் திறவுங்கள். எவ்வளவு விசிறுவது என்பதைத் தரவுத்தளம் சொல்லாது. அதற்கு உங்கள் ஊரிலேயே உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையே வேண்டும்.

கேள்வி (பேராதனை, பட்டதாரி மாணவர்): பப்கெம்மில் ஒரே சேர்வைக்குப் பல உருகுநிலைகள் காணப்படுகின்றனவே?

பதில்: பப்கெம் பிறர் அளித்தவற்றைத் திரட்டித் தருகிறது. ஒவ்வொரு பெறுமானத்துடனும் அதை வழங்கிய மூலத்தின் பெயர் இருக்கும். அம்மூலத்தைத் திறந்து பார்த்து, அதையே மேற்கோளாகக் காட்டுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியை): எதனோலின் செந்நிறக்கீழ் நிறமாலை (அது உறிஞ்சும் செந்நிறக்கீழ்க் கதிர்களைக் காட்டும் வரைபு) இரு தளங்களில் இரு விதமாக இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் நடத்தும் வெப்புக் தளத்தில் உள்ள நிறமாலைகளில் பல வாயு நிலையில் எடுக்கப்பட்டவை. அங்கே ஐதரொட்சில் (O–H) உச்சி 3670 cm⁻¹ அலையெண்ணுக்கு அருகில் ஒடுங்கித் தெரியும். ஜப்பானிய எஸ்.டி.பி.எஸ். தளத்தின் திரவப் படலப் பதிவில், ஐதரசன் பிணைப்பின் காரணமாக அது 3350 அளவில் அகன்று விழும். பாடநூல்கள் வழக்கமாகக் காட்டுவது இந்த அகன்ற உச்சியையே. இரண்டையும் அருகருகே அச்சிட்டு வகுப்பில் காட்டுங்கள். ஐதரசன் பிணைப்பை விளக்க இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.