கொத்தமல்லி உறைகிறது: சந்தேகம் போர்டின் மீதா, சென்சாரின் மீதா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவுகள் கொண்ட ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மாதமாகக் கீழ்ப்பகுதியில் வைக்கும் கொத்தமல்லி விறைத்துப்போய், வெளியே எடுத்த சிறிது நேரத்தில் கருத்துத் துவண்டுவிடுகிறது. மோர்ப் பாத்திரத்தின் ஓரத்தில் பனிக்கட்டி படிகிறது. குளிர் அளவை மிகக் குறைவாக வைத்துப் பார்த்தும் பயனில்லை. கம்ப்ரஸர் இரவு பகலாக ஓடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக், எதையும் கழற்றாமலேயே ‘போர்டு போய்விட்டது’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். சென்சார் கெட்டிருக்குமோ என்று கேட்டதற்கு, ‘அப்படியென்றால் விளக்கு மினுக்கிக் காட்டும், அது நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார். அவர் சொல்வது சரியா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: சரியென்று ஏற்க இயலாது. ஃப்ரிட்ஜைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், சென்சாரை மல்டிமீட்டரில் (மின்தடை அளக்கும் கருவி) அளந்து காட்டும்படி உறுதியாகக் கேளுங்கள். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள், ‘உள்ளே இன்னும் சூடாக இருக்கிறது’ என்ற தவறான தகவல் போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வருபவை. வந்த தகவலை நம்பிக் குளிரூட்டிக்கொண்டே இருக்கும் போர்டு, தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

ஃப்ரிட்ஜின் உட்சுவரில், சிறிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவுள்ள ஒரு குமிழ் இரண்டு மெல்லிய ஒயர்களோடு இருக்கும். அதற்குள் இருப்பது தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். அந்த மின்தடையைக் கொண்டுதான் உள்ளே எத்தனை டிகிரி என்பதைப் போர்டு கணக்கிடுகிறது. 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் சென்சார்களும் 5 கிலோ ஓம் காட்டும் சென்சார்களும் பரவலாகப் பயன்படுகின்றன. வேறு மதிப்புகளும் உண்டு. எதுவாயினும், பனிக்கட்டி உருகும் 0 டிகிரியில் அந்த மதிப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும்.

ஆண்டுக்கணக்கில் குளிர்ந்தும் இளகியும் வரும்போது, குமிழைச் சுற்றியுள்ள பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்து, அதன் வழியே ஈரம் உள்ளே இறங்குகிறது. ஒயர்கள் இரண்டுக்கும் இடையே அந்த ஈரத்தின் வழியாகச் சிறிது மின்சாரம் கசிவதால், மின்தடை உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகத் தெரிகிறது. குறைந்த மின்தடை என்றால் போர்டுக்குச் சூடு என்று பொருள். உங்கள் கொத்தமல்லி உறைவதற்கு இது பொருத்தமான காரணம்.

விளக்கு மினுக்காததால் சென்சார் நல்லது என்று முடிவு கட்டுவதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஒயர் முற்றிலும் அறுந்தாலோ, இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலோ, நடக்கவே முடியாத மதிப்பு வருவதைக் கண்டு போர்டு பிழைக்குறி காட்டும். ஆனால் 3 டிகிரியில் இருக்கும் சென்சார் 10 டிகிரிக்குரிய மதிப்பைச் சொன்னால், அதுவும் நடக்கக்கூடிய மதிப்புதான் என்பதால் போர்டுக்குச் சந்தேகமே எழாது. பாதி கெட்ட சென்சார்தான் முழுவதும் கெட்டதைவிட அதிகம் ஏமாற்றுகிறது.

மீட்டரைத் தொடுவதற்கு முன், ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இவ்வளவு தாழ்ந்த அளவைக் காட்டாது. பூஜ்யத்துக்குக் கீழும் அளவுகள் உள்ளதாக வேண்டும். 2 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால், ஃப்ரிட்ஜில் பழுதே இல்லாமல், குளிர்க்காற்று வரும் துளைக்கு நேர் எதிரே கீரையை வைத்தது மட்டுமே காரணமாக இருக்கலாம். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால், அது குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடுவதும் இயல்புதான். வெப்பமானி பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றால் சென்சாரை அளக்க வேண்டியதுதான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சென்சாரின் கனெக்டரைக் கழற்றித் தனியாக அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் போர்டின் மின்தடையும் சேர்ந்து தவறான எண்ணைத் தரும். கனெக்டரின் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். பல சமயங்களில் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிடும். மீட்டர் முனைகளை வெறும் விரல்களால் அழுத்திப் பிடித்தால் உடலின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது: 25 டிகிரிக்கு 10 கிலோ ஓம் என்று கேள்விப்பட்டு, மதுரை வெயிலில் அறையே 32 டிகிரி இருக்கும்போது அளந்து, ‘ஏழரைதான் வருகிறது, சென்சார் போய்விட்டது’ என்று தூக்கிப் போடுகிறார்கள். அந்தச் சூட்டில் அந்தச் சென்சாருக்கு ஏழரைக் கிலோ ஓம் அளவில்தான் வர வேண்டும்.

எனவே அறைச் சூட்டை நம்பாமல் பனிக்கட்டியை நம்புங்கள். டம்ளர் நிறைய உடைத்த பனிக்கட்டியும் அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் சேர்த்துக் கலக்கினால் அது 0 டிகிரி. குமிழை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி அதில் அமிழ்த்தி, ஐந்து நிமிடம் பொறுங்கள். 10 கிலோ ஓம் வகையாக இருந்தால் 27 முதல் 33 கிலோ ஓமுக்குள் எண் நிலைத்து நிற்க வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் அட்டவணை கிடைத்தால் அதிலுள்ள எண்ணே இறுதியானது. மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் விட்டுவிட்டு ‘காட்டவே இல்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். 200 கிலோ ஓமுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டால் எண் சீராக இறங்கி வர வேண்டும். இடையில் துள்ளினாலோ, 10 கிலோ ஓம் வகை பனிக்கட்டியில் 15 அளவிலேயே நின்றுவிட்டாலோ, அது பழுதானது.

சென்சார் நல்லதென்று தெரிந்தால் மட்டுமே அடுத்த சோதனை. இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும்: சென்சாருக்குப் பதிலாக, 0 டிகிரிக்குரிய மதிப்புள்ள சாதாரண ரெசிஸ்டரை (10 கிலோ ஓம் வகைக்கு 33 கிலோ ஓம்) கனெக்டரில் செருகி ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு, காற்றுத் துளையில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கதவு திறந்திருந்தால் விசிறி நின்றுவிடும் என்பதற்காகவே சுவிட்சை அழுத்தச் சொல்கிறேன். ‘0 டிகிரி’ என்று சொல்லியும் குளிர்க்காற்று கொட்டிக்கொண்டே இருந்தால், காற்றை அடைக்கும் டேம்பர் மூடாமல் சிக்கியிருக்கிறது, அல்லது போர்டு கட்டளை இடவில்லை. டேம்பரையும் பார்த்து முடித்த பிறகுதான் போர்டைக் குறைசொல்ல வேண்டும்.

சென்சாரின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாற்றும்போது ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள். அந்த முறுக்கில் ஈரம் புகுந்து சில மாதங்களில் இதே கோளாறு திரும்பும். சால்டர் வைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூடச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கேனும் இன்சுலின் இருந்தால், பழுது தீரும்வரை அதை வேறு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை, இளகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் நன்றாகப் பிடிக்கிறது, கீழே பால் புளித்துவிடுகிறது. ஒருநாள் முழுவதும் அணைத்து வைத்தால் பத்து நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு பழைய கதைதான். இதற்கும் சென்சார்தான் காரணமா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: அணைத்து வைத்தால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியதே முக்கியமான தடயம். ஃப்ரீஸரின் பின்பலகைக்குப் பின்னால் உள்ள குளிர்க்குழாய்களில் பனி கட்டியாக அடைத்துக்கொண்டு, காற்று கீழே இறங்க வழியில்லாமல் போகிறது. அந்தப் பனியை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டரும், உருகி முடிந்ததைத் தெரிவிக்கக் குழாயோடு சேர்த்துப் பொருத்திய தனிச் சென்சாரும் அங்கே உள்ளன. பனி தீருமுன்பே ‘சூடாகிவிட்டது’ என்று அந்தச் சென்சார் சொல்லிவிட்டால் ஹீட்டர் அணைந்து, மிச்சம் நாளுக்கு நாள் தடிக்கும். ஹீட்டரோ, அளவுக்கு மீறிச் சூடேறினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்த அதனுடன் உள்ள தெர்மல் ஃபியூஸோ அறுந்திருந்தாலும் இதே விளைவுதான் என்பதால் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். கத்தியால் பனியைக் கொத்த வேண்டாம். புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றின் குழாய்களில் இருப்பது ஆர்600ஏ என்னும் தீப்பற்றக்கூடிய வாயு. ஃப்ரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து வைத்து மேசை விசிறியைத் திருப்பி விட்டாலே உருகிவிடும்.

கேள்வி: திருகு வைத்த பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜிலும் இந்தச் சென்சார் இருக்குமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்.

பதில்: பெரும்பாலும் இருக்காது. திருகுக்குப் பின்னால் உள்ள தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய உலோகக் குழாய் ஃப்ரீஸர் வரை போகும். அதற்குள் அடைத்த வாயு சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் சுவிட்சை இயக்குகிறது. அந்தக் குழாய் தன் பிடியிலிருந்து விலகித் தொங்கினால் குளிர் நிற்காமல் ஏறும். எனவே புதிய தெர்மோஸ்டாட் வாங்குவதற்கு முன், குழாயின் முனை தன் இடத்தில் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.